மயிலாத்தாள் மூன்றாம் முறை வெடிக்காத கதை

புங்கம்பாளையத்தில் அறிவுக்குக் குறைவென்று எவரும் சொல்லிவிட முடியாது. இருக்கிற அறிவு தேய்ந்துபோய்விடக் கூடாதே என்று அவ்வூரார் அதை வெளியில் எடுப்பதில்லை, அவ்வளவுதான். அவ்வாறு மிகுந்த சிக்கனத்தோடு அறிவைப் பேணிவந்தவர்களுள் தலையாயவர் தெய்வசிகாமணி. தேங்காய்க் களத்தில் மேற்பார்வை பார்ப்பது அவருடைய தொழில். விண்வெளியில் சரக்குக் கப்பல் ஓட்டுவது அவருடைய வாழ்க்கை.

விண்வெளி என்றதும் வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டாம். பேருந்து நிலையத்துக்கு எதிரே சாந்தாமணி அக்காள் நடத்திவந்த ஜெராக்ஸ் கடையின் பின்னறையில் நான்கு கணினிகள் இருந்தன. அவற்றில் ‘விண்சந்தை’ என்றோர் ஆன்லைன் விளையாட்டு ஓடும். பல நாட்டவர் அதில் ஆளுக்கொரு கப்பல் வாங்கி, பெயர் சூட்டி, சரக்கேற்றி, ஒருவரையொருவர் சுட்டு மகிழ்வார்கள்.

எங்கே யாரை யார் சுடலாம் என்பது மண்டலத்தைப் பொறுத்தது. விண்வெளி மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. உதவிப் பக்கத்தில் தமிழிலேயே விதியும் போட்டிருந்தார்கள். பச்சை மண்டலத்தில், முதலில் சுட்டவரைக் காவற்படை அழிக்கும். மஞ்சள் மண்டலத்தில், வாயில்களில் உள்ள பீரங்கிகள் காக்கும். சிவப்பு மண்டலத்தில் கேட்பார் யாருமில்லை. விதி இவ்வளவுதான். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. புங்கம்பாளையத்தாருக்குக் கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

ஊரார் நான்கு பேர் சேர்ந்து ஒரே கப்பலை ஓட்டினார்கள். சிகாமணி செலுத்துவார். சாந்தாமணி அக்காள் திரையைப் பார்த்து, யார் வருகிறார்கள் என்று சொல்லுவார். மிக்சி பழுதுபார்க்கும் நாச்சிமுத்து பீரங்கிக்குப் பொறுப்பு. சொன்னதைச் செய்வான், சொன்னதை மட்டுமே செய்வான். நான்காமவர் சென்னியப்பன். அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழைதிருத்துபவர் அவர். ஆகவே எழுத்தில் இருக்கும் எதற்கும் பொருள் சொல்லும் அதிகாரம் அவரிடம் இருந்தது.

கப்பலுக்குச் சிகாமணி தம் மனைவி மயிலாத்தாளின் பெயரை வைத்தார். அந்த முதல் மயிலாத்தாள் பச்சை மண்டலத்தில் புறப்பட்ட சிறிது நேரத்திலேயே எவனோ ஒருவன் வந்து சுட்டான். நால்வரும் பதறவில்லை. காவற்படைதான் இருக்கிறதே என்று கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். காவற்படை வந்தது, சுட்டவனை விதிப்படி அழித்தது, திரும்பிப் போனது. அது வருவதற்குள் மயிலாத்தாள் தூள்தூளாகியிருந்தாள்.

தம் கப்பலைக் காவற்படை ஒட்டவைத்துக் கொண்டுவந்து தரும் என்று சிகாமணி மாலைவரை காத்திருந்தார். சென்னியப்பன் விதியை இன்னொரு முறை படித்தார்.

“காவற்படை காக்கும்னு இதுல எங்கீங்க போட்டிருக்குது? அழிக்கும்னுதானுங்க போட்டிருக்குது. அழிச்சுதுங்களா, இல்லீங்களா?”

“அழிச்சுதுங்க.”

“அப்பறம் என்னங்க கொறை?”

குறை ஒன்றுமில்லை என்று ஒத்துக்கொண்டு சிகாமணி வீட்டுக்குப் போனார். சென்னியப்பனுக்குத்தான் ஒரு குறை இருந்தது. கப்பல் ஏதேனும் அழிந்தால் எல்லார் திரையிலும் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு ஓடும். அதில் ‘மயிலாத்தாள் அழிக்கப்பட்டது’ என்று வந்திருந்தது. பெண்ணின் பெயருக்கு அஃறிணை முடிவு கொடுப்பதா என்று கொதித்துப்போய் விளையாட்டுக் கம்பெனிக்கு எழுதிப் போட்டார். அவர்களும் மன்னிப்புக் கேட்டுத் திருத்திக்கொண்டார்கள். இதன் விளைவு பின்னால் வரும்.

இரண்டாம் கப்பலுக்கும் அதே பெயர். இம்முறை பச்சை மண்டலத்தில் எதிரே ஒரு கப்பல் வந்ததுமே, அவன் சுடுமுன் நாம் சுட்டுவிடுவோம் என்றார் சிகாமணி. முதலில் சுட்டவரையல்லவா காவற்படை அழிக்கும் என்று நாச்சிமுத்து தயங்கினான். கூட்டம் கூடியது. கப்பலை நடுவழியில் நிறுத்திவிட்டு, டீ வரவழைத்து, விதியை ஆராய்ந்தார்கள்.

“‘சுட்டவர்’னு போட்டிருக்குது. அது இறந்தகாலமுங்க,” என்றார் சென்னியப்பன். “நாம இனிமேத்தான் சுடப்போறோம், அது எதிர்காலம். சுடறப்ப அது நிகழ்காலம். இந்த ரெண்டு காலத்துக்கும் விதியே இல்லீங்க. வெவரமில்லாத ஆளு எழுதியிருக்கறான்.”

இவ்வளவு பெரிய ஓட்டையை இத்தனை நாளாக ஒருவரும் கவனிக்கவில்லையே என்று மற்ற மூவரும் வியந்தார்கள். நாச்சிமுத்து பொத்தானை அழுத்தி, நிகழ்காலத்திலேயே சுட்டான். காவற்படை வந்தது. மயிலாத்தாள் மறுபடியும் வெடித்தாள்.

“சுடறப்ப நிகழ்காலந்தானுங்க. அவங்க வந்து சேர்றதுக்குள்ள இறந்தகாலம் ஆயிப்போச்சு,” என்று சென்னியப்பன் காரணம் கண்டுபிடித்தார். “விடாமச் சுட்டுக்கிட்டே இருந்திருக்கோணும். நாச்சிமுத்து நிறுத்திப்போட்டான்.”

தன் தவறை உணர்ந்து நாச்சிமுத்து எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டான்.

ஆனால் இம்முறை திரையில் ஓடிய அறிவிப்பு இலக்கண சுத்தமாக இருந்தது. ‘மயிலாத்தாள் அழிக்கப்பட்டாள்.’ சிகாமணியின் தம்பி நடேசன் திருப்பூரில் அதே விளையாட்டை விளையாடுபவர். அவர் மனைவி கலாமணி அந்த அறிவிப்பைப் படம்பிடித்து உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அடியில் கைகூப்பும் படமொன்றையும் வைத்தாள். மறுநாள் காலையில் ஒன்றுவிட்ட பெரியம்மா ஒருவர் மாலையும் கையுமாக அழுதுகொண்டே வந்து கதவைத் தட்டினார். கதவைத் திறந்தவள் மயிலாத்தாள். வந்தவருக்குத் தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டியதாயிற்று. கண் விழித்ததும், கொண்டுவந்த மாலையை வீணாக்குவானேன் என்று அவர் அதை அங்கேயே ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

இத்தனைக்கும் நடேசனின் கப்பல் சிவப்பு மண்டலம்வரை போய்ச் சேதமில்லாமல் திரும்பியிருந்தது. அதன் பெயர் கலாமணி. காதுகுத்து, சீர், கிடாவெட்டு என்று எங்கே உறவு கூடினாலும் அவள் இதைச் சொல்லாமல் சாப்பிட உட்காருவதில்லை. ஓரகத்தியின் பேச்சைக் கேட்டுக் கேட்டு மயிலாத்தாளுக்குப் பந்தியில் சோறு இறங்குவதே நின்றுபோயிற்று. ஆகவே அன்று அவள் கணவரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

“மாமா, இன்னொருக்கா என்ற பேரு வெடிச்சுதுன்னா நான் தாராபுரத்துக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன். வெடிச்சுப்போகும்னு கப்பல நிறுத்தி வெச்சாலும் போயிருவேன். கலாமணி செவப்புக்குப் போயிட்டு வந்தா, மயிலாத்தாளும் போயிட்டு வரோணும். பாத்துக்கங்க.”

சிகாமணிக்கு உலகம் இருண்டது. மயிலாத்தாள் இல்லாவிட்டால் தம் சட்டை எந்த அலமாரியில் இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. அது போனால் போகட்டும்; அவர் சொல்வதைக் கேட்டு வாய்விட்டுச் சிரிக்கும் ஒரே ஆள் அவள்தான். மற்றவர்கள் அவர் சொல்வதை நம்பிவிடுகிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றாம் மயிலாத்தாள் தயாரானாள். சரக்குக் கப்பல் வெறுமையாகப் போகக் கூடாது என்பதால், விண்வெளியில் மிதந்துகொண்டிருந்த முந்தைய இரண்டு மயிலாத்தாள்களின் உடைசல்களையும் பொறுக்கி ஏற்றினார்கள். பிறகு பாதுகாப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. பாதுகாப்பு என்ற சொல்லின் முடிவில் நிற்பது காப்பு. காப்புக் கட்டாமல் ஏது பாதுகாப்பு என்று சென்னியப்பன் கேட்டார். இதுவரை நேர்ந்த துன்பமெல்லாம் எதனால் என்று அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது. சாந்தாமணி அக்காள் வேப்பிலையும் ஆவாரம்பூவும் கொண்டுவந்து, மஞ்சள் கயிற்றால் நான்கு கணினிகளிலும் காப்புக் கட்டினார்.

கட்டி முடித்த பிறகு நாச்சிமுத்துவுக்கு ஓர் ஐயம் எழுந்தது.

“காப்புக் கட்டிப்போட்டா எல்லை தாண்டக் கூடாதுங்களே. கப்பலு எப்படீங்க மஞ்சளுக்குப் போகும்?”

எல்லாரும் திகைத்தார்கள். நெடுநேரம் யோசித்தபின் சிகாமணியே வழி கண்டார். காப்பைக் கட்டியது கணினிக்கு, கப்பலுக்கு அன்று. ஆகவே கப்பல் எங்கே வேண்டுமானாலும் போகலாம். கணினிதான் ஊரெல்லையைத் தாண்டக் கூடாது. இது சரியென்று பட்டதால், கணினிகள் எங்கும் போய்விடாதபடி நாச்சிமுத்து அவற்றை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினான். மயிலாத்தாள் புறப்பட்டாள்.

பச்சை மண்டலத்தின் பாதியில் ஒரு போர்க்கப்பல் பக்கத்தில் வந்து சேர்ந்தது. அதன் பெயர் கருஞ்சுறா. ஓட்டியவன் தூத்துக்குடிக்காரன், பெயர்பெற்ற கொள்ளைக்காரன்; அவனையும் கருஞ்சுறா என்றே அழைப்பார்கள். பச்சையில் அவன் முதலில் சுட்டால் காவற்படை அவனை ஒழித்துவிடும். அதனால் மற்றவர்களைச் சீண்டி, அவர்களை முதலில் சுடவைத்து, காவற்படை அவர்களை உடைத்ததும் சிதறும் சரக்கை அள்ளிக்கொண்டு போவது அவன் வழக்கம்.

“அண்ணாச்சி, தைரியம் இருந்தா என் மேல ஒரு குண்டு போடுங்க பாப்போம்,” என்று ஹெட்போனில் அவன் குரல் வந்தது.

சிகாமணி ஒலிவாங்கியைப் பொத்திக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். நமக்குத் தைரியம் இருக்கிறதா என்பதே கேள்வி. சாந்தாமணி அக்காள் தமக்குப் பல்லியைக் கண்டாலே ஆகாது என்றார். சென்னியப்பன் இருட்டில் தனியே போவதில்லை. சிகாமணிக்குத் தாராபுரம் என்ற சொல்லைக் கேட்டாலே உடம்பு நடுங்கியது. நாச்சிமுத்து மட்டும், தன் தைரியத்தை இதுவரை எடுத்துப் பார்த்ததில்லை என்றான். முடிவை மறைக்காமல் தெரிவித்தார் சிகாமணி.

“மன்னிச்சுக்கோங்க, தைரியம் இல்லீங்க. மூணு பேரு இல்லைன்னுட்டாங்க; ஒருத்தன் தெரியலைங்கறான்.”

பிறகு அவன், எங்கே போகிறீர்கள் என்று விசாரித்தான். சிகாமணி ஒளிக்காமல் சொன்னார். சிவப்பு மண்டலத்தில் தைரியம் கிடைக்குமா என்றும் கேட்டார். அங்கே தாராளமாகக் கிடைக்கும், நான் முன்னால் போய் எடுத்துவைக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கருஞ்சுறா விரைந்தது. எவ்வளவு தங்கமான மனிதர் என்று நால்வரும் பேசிக்கொண்டார்கள்.

மஞ்சள் மண்டலத்தில் வேறொரு சிக்கல். இந்தப் பக்கத்து வாயிலில் பீரங்கி உண்டு, அந்தப் பக்கத்து வாயிலிலும் உண்டு, நடுவில் ஒன்றுமில்லை. கொள்ளையர் பதுங்கியிருப்பது அந்த நடுவில்தான். வாயிலின் பார்வையில் இருக்கும்வரை ஆபத்தில்லை. ஆகவே வாயிலைப் பார்த்துக்கொண்டே போனால் வாயிலும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்றான் நாச்சிமுத்து. இதில் தவறேதும் எவருக்கும் தென்படவில்லை. சிகாமணி கப்பலைத் திருப்பி, மூக்கை வாயிலின் பக்கம் வைத்து, ரிவர்சிலேயே ஓட்டினார். மூக்கிலிருந்த பீரங்கிகள் அத்தனையும் வந்த வழியைக் குறிபார்த்தபடி இருக்க, மயிலாத்தாள் மெல்ல மெல்லப் பின்வாங்கிக்கொண்டு வந்தாள்.

பதுங்கியிருந்த கொள்ளையர் இதைக் கண்டார்கள். இவ்வளவு பெரிய கப்பல் திரும்பி ஓடக்கூட அஞ்சிப் பின்னாலேயே நகர்ந்து வருகிறதென்றால், அதைத் துரத்தி வருவது எப்பேர்ப்பட்ட படையோ என்று கலங்கி, இருந்த இடம் தெரியாமல் கலைந்துபோனார்கள். வாயிலின் பார்வை வெகுதூரம் எட்டுகிறது என்று சென்னியப்பன் மெச்சினார்.

அடுத்தது சிவப்பு மண்டலம். நுழைந்ததுமே கருஞ்சுறாவும் அவன் கூட்டாளிகளும் நான்கு பக்கமும் வளைத்துக்கொண்டார்கள்.

“வந்துட்டியளா அண்ணாச்சி. சரக்கத் தாரியளா, கப்பலத் தாரியளா?”

சிகாமணிக்குத் தாராபுரம் பேருந்தில் மயிலாத்தாள் ஏறுவதும், ஜன்னலோரம் உட்காருவதும், திரும்பிப் பாராமல் போவதும் கண்முன் ஓடின. அந்நேரத்தில் சென்னியப்பன் அவர் தோளைத் தொட்டார். விதியில் ஒரு முரண்பாடு இருப்பதாகக் காதில் சொன்னார். சிகாமணி தெம்பாக ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டார்.

“ஏனுங்க, இது செவப்பு மண்டலந்தானுங்களா?”

“ஆமா.”

“செவப்பு மண்டலத்துல கேட்பாரு யாருமில்லைன்னு போட்டிருக்குதுங்களே. நீங்க கேக்கறீங்க. அப்பறம் இது எப்படீங்க செவப்பு மண்டலம் ஆகும்?”

“என்னது?”

“பாருங்க, மறுக்காவும் கேக்கறீங்க.”

“அண்ணாச்சி, நான் இங்க கொள்ளையடிக்கேன். கேக்காம எப்படிக் கொள்ளையடிக்க?”

“அது உங்க தொழிலுங்க, நான் குறுக்க வரமாட்டேன். ஆனா எங்களுக்குச் செவப்புக்குப் போயே ஆகோணும், ஊட்டுல சொல்லியிருக்குது. இங்கிருந்து எந்தப் பக்கமுங்க?”

கருஞ்சுறாவின் கூட்டாளிகளில் ஒருவன் சிரிக்கத் தொடங்கினான். அது இன்னொருவனுக்குத் தொற்றியது. கருஞ்சுறா குரலை உயர்த்தாமல், கப்பலில் என்னதான் இருக்கிறதென்று தன் கருவியால் துழாவிப் பார்த்தான். சரக்குப் பட்டியலில் இரண்டே பொருள்கள் தெரிந்தன: உடைந்த மயிலாத்தாள், உடைந்த மயிலாத்தாள். யாரிந்த மயிலாத்தாள், ஏன் இருமுறை உடைந்தாள் என்று அவன் விசாரிக்க, சிகாமணி நிகழ்காலம், பெரியம்மா, மாலை, தாராபுரம் எல்லாவற்றையும் முறையாக விவரித்தார். மாலையை ஆணியில் மாட்டிய இடம் வந்தபோது கருஞ்சுறாவுக்குச் சுடும் பொத்தான் எங்கிருக்கிறதென்றே தெரியவில்லை. கண்ணில் அவ்வளவு நீர். கடைசியில், இது சிவப்பு மண்டலமேதான் என்றும், இனித் தான் ஒன்றுமே கேட்கப்போவதில்லை என்றும் அவன் வாக்குக் கொடுத்த பிறகே நால்வரும் நம்பினார்கள். இந்தக் கூத்து எப்படி முடிகிறதென்று பார்க்காமல் தன்னால் தூங்க முடியாது என்று சொல்லி, வழித்துணையாக அவனே கூடவும் வந்தான்.

பச்சை மண்டலத்துக்குள் மயிலாத்தாள் திரும்பி வந்தபோது, தூக்குப்போசி நிறைய வெல்லக் கச்சாயம் சுட்டு எடுத்துக்கொண்டு மெய்யான மயிலாத்தாள் ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தாள். திரையில், கப்பல் போய்ச் சேரவேண்டிய விண்வெளி நிலையம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு கீறல்கூட இல்லாத கப்பலையும் அதன் நெற்றியில் மின்னிய தன் பெயரையும் பார்த்து அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. பேருந்து நிலையத்துக்கே கேட்கும்படி பட்டாசு கொளுத்தினால் என்ன என்று தோன்றியது.

“சும்மாவே நிக்கறீங்க? நல்லபடியா வந்து சேந்ததுக்கு ஒரு வெடியப் போடுங்க,” என்றாள்.

நாச்சிமுத்து சொன்னதைச் செய்பவன். பொத்தானை அழுத்தினான். குண்டு நேரே போய்க் கருஞ்சுறாவின் விலாவில் பட்டது.

“அண்ணாச்சி, எதுக்குச் சுட்டிய?”

“சுடலீங்க, வெடி போட்டோமுங்க,” என்று சென்னியப்பன் குறுக்கிட்டார். “விதி சுட்டவரைத்தானுங்க சொல்லுது. வெடி போட்டவரை ஒண்ணும் சொல்லலீங்க.”

காவற்படைக்கு இந்த நுணுக்கம் தெரியவில்லை. திரையின் ஓரத்தில் நீல விளக்குகள் வரிசையாக முளைத்தன. காவற்படை வருவதாகச் சாந்தாமணி அக்காள் அறிவித்தார். மயிலாத்தாள் தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டு, தாராபுரத்துக்குக் கடைசிப் பேருந்து எப்போது என்பதுபோல் எதிரேயிருந்த பேருந்து நிலையத்தைப் பார்த்தாள்.

சிகாமணிக்கு வாழ்நாளில் முதன்முறையாக ஒரு சொற்றொடர் முழுமையாகப் புரிந்தது. ‘என்ற பேரு வெடிச்சுதுன்னா’ என்றுதானே அவள் சொன்னாள்? கப்பல் வெடிப்பதைப் பற்றி அவள் பேசவே இல்லை. தீப்பிடித்த வீட்டிலிருந்து ஆளை இறக்குவதுபோல், கப்பலிலிருந்து பெயரை மட்டும் இறக்கிவிட்டால் போதும். மயிலாத்தாள் என்ற எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தார். பெயரில்லாத கப்பலை விளையாட்டு ஏற்க மறுத்தது. ஏதாவதொரு பெயர் வேண்டும்; உடனே வேண்டும். வீட்டில் ஓயாமல் காதில் விழுந்துகொண்டிருந்த பெயர் எதுவோ, அதை யோசியாமல் அடித்தார்.

காவற்படை சுட்டது. கப்பல் வெடித்தது. உலகெங்கும் உள்ள திரைகளில், பெரிய எழுத்தில், திணையும் பாலும் வழுவாமல் அறிவிப்பு ஓடியது:

‘கலாமணி அழிக்கப்பட்டாள்.’

மயிலாத்தாள் திரையருகே வந்து அதை ஒருமுறை படித்தாள். நின்று, இன்னொரு முறை படித்தாள்.

“உன்ற பேரு பத்திரமா இருக்குது கண்ணு,” என்றார் சிகாமணி. “முன்னாடியே எறக்கி வெச்சுட்டேன்.”

அவள் கைப்பேசியை எடுத்து அறிவிப்பைப் படம்பிடித்தாள். உறவினர் குழுவில் போட்டாள். அடியில் கைகூப்பும் படத்தையும் வைத்தாள். அதன் பிறகுதான் சிரித்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்; கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்; எல்லார் வாயிலும் தன் கையாலேயே கச்சாயத்தைத் திணித்தாள். ஒன்றுவிட்ட பெரியம்மா அன்று மாலையே புதிய மாலை வாங்கிக்கொண்டு திருப்பூருக்குப் பேருந்து ஏறியதாகச் செய்தி வந்தது.

அன்றுமுதல் அவர்களுடைய கப்பல்களுக்கெல்லாம் மயிலாத்தாளே பெயர் தேர்ந்தெடுக்கிறாள். எப்போதும் ஒரே பெயர்தான். சிவப்பு மண்டலத்துக்கு அவர்கள் இப்போது போவதில்லை. அங்கே ஒருவன் சுடுவான், ஒருவன் சிரிப்பான், எதையும் நம்ப முடியாது. பச்சையில்தான் நிச்சயம். ஞாயிறுதோறும் கலாமணி நிலையத்தைவிட்டு வெளியே வருகிறாள். கருஞ்சுறாவும் வேலை வெட்டியை விட்டுவிட்டு நேரத்துக்கு வந்து, சுடுவதற்கு வாகாக விலாவைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். நாச்சிமுத்து வெடி போடுகிறான். மற்றதைக் காவற்படை பார்த்துக்கொள்கிறது.

போன ஞாயிறு, புதிய கலாமணி புறப்படுமுன், வேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு நாச்சிமுத்து நெடுநேரம் யோசித்தான்.

“எப்படியும் வெடிக்கப்போற கப்பலுதானுங்களே. இதுக்கும் காப்புக் கட்டோணுமுங்களா?”

சிகாமணி அவனைப் பரிவோடு பார்த்தார்.

“கட்டாம எப்படிடா? பாதுகாப்பில்லாமப் போயி, நாம வெடிக்க வெக்கறதுக்குள்ள அதுக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா?”